விலகி நின்று குடிக்கவும்

பியரில் பால்கோவா ருசி தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வதற்காக ஆண்டவர் என்னைப் படைத்திருப்பார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பல வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். கிறிஸ்துமஸ் கேக்குக்குக்கூட ரம் ஊற்றாமல் ஆரஞ்சுச் சாறு ஊற்றுகிறவள். அப்படிப்பட்ட ஞானஜோதியாகிய நான் போன வருஷம் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு புது பியர் ருசி பார்த்தேன். அதில் மறக்க முடியாதவை எவை என்று கேட்டால் சொல்வேன். நல்லவை எவை என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் பிழைப்பு லேபிள். சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற ரோட்டில் என் வீட்டுக்காரர் டென்னிஸ் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். பூச்சட்டி, சரவெடி, சங்குச்சக்கரம் எல்லாவற்றுக்கும் சட்டை தைத்துப் போடுகிறவர்கள் நாங்கள்தான். தீபாவளி லேபிள் முடிந்துவிட்டால் மெஷின் உறங்கிவிடும். வெட்டி அடுக்கிக் கட்டுகிற பெண்களிடம் “வேலை வந்ததும் ஆள் அனுப்புறோம்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவோம். ஆள் எப்போது வரும் என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வெள்ளைத்தாய் மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “மறந்துராதீக டீச்சர்” என்பாள். அந்த மாதங்களில் அவள் தெரு வழியாகப் போக எனக்குத் தைரியம் வராது.

இந்த நேரத்தில்தான் புகழேந்தி வந்தான். விருதுநகர் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். கரடிக்கும் பியருக்கும் ஸ்பெல்லிங் மாற்றி எழுதி, வேட்டைக்காரன் காட்டில் ஒரு பியரைச் சுட்டான் என்று கதை எழுதியவன். இப்போது பெங்களூரில் கிராஃப்ட் பியர் கம்பெனி வைத்திருக்கிறானாம்.

“கிராஃப்ட் பியர்னா என்ன தம்பி?” என்று டென்னிஸ் கேட்டார்.

“சின்ன அளவுல, கையாலேயே, கவனமா காய்ச்சுறது அங்கிள்.”

“அதைத்தான் அந்தக் காலத்துல எங்க ஊர் கண்மாய்க்கரையில செஞ்சாங்க. போலீஸ் வந்து பானையை உடைச்சிட்டுப் போவாங்க.”

புகழேந்தி பெருந்தன்மையாகச் சிரித்தான். மாதம் ஒரு புது பியர், எல்லாமே கரிசல் மண்ணின் ருசி, லேபிள் முழுக்க எங்களிடம்தான் என்றான். பிடித்துப்போனால் அடுத்த வருஷமும் ஆர்டர் உண்டு. டென்னிஸ் என்னைப் பார்த்தார், நான் உறங்குகிற மெஷினைப் பார்த்தேன். வருஷம் பூராவும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

“ஒரே ஒரு உதவி டீச்சர். லேபிள் பின்னாடி ருசியைப் பத்தி நாலு வரி வேணும். நீங்கதான் எழுதணும்.”

“நான் அதைத் தொடமாட்டேனே தம்பி.”

“தொட வேண்டாம். பாதிப் பேர் குடிக்காமதான் எழுதுறாங்க.”

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்துப் பொய் சொல்லாதே என்று பாடம் எடுக்கிறவள், திங்கட்கிழமை குடிக்காத பியரைக் குடித்ததாக எழுதுவதா? குடித்தால் ஒரு பாவம், குடிக்காமல் எழுதினால் இன்னொரு பாவம், எழுதாவிட்டால் வெள்ளைத்தாய் தெரு. யோசித்துப் பார்த்து ஒரு டீஸ்பூன் என்று முடிவு செய்தேன். டானிக் மாதிரி ஒரு டீஸ்பூன், உடனே உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு. மீதிப் பாட்டிலை வீணாக்கக் கூடாது என்று டென்னிஸ் தானாக முன்வந்தார். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அந்த மனிதர் இவ்வளவு சுறுசுறுப்பாக எதற்கும் முன்வந்ததில்லை.

புகழேந்தி கார் டிக்கியில் பாட்டிலை மறைத்துக் கொண்டுவருவான். செக்போஸ்டில் கேட்டால் நெல்லிக்காய் ஜூஸ்.

முதல் மாதம் கம்பு பியர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்பூன் விழுங்கிவிட்டு உண்மையை எழுதினேன்: “கம்பங்கூழை அடுப்படியில் மறந்துவிட்டு, ஊருக்குப் போய்த் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் வருகிற வாசம்.” ஆர்டர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் போன் வந்தது.

“டீச்சர், சூப்பர்! பெங்களூர்ல இந்த வாசத்துக்குத்தான் ஏங்கிக் கெடக்காங்க!”

எங்கள் வீட்டில் அந்த வாசம் வந்தால் பானையைக் கழுவிக் கவிழ்த்துவோம். அங்கே அதைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, தம்ளரைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண் கலங்குகிறார்களாம். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவர்கள் கூழைக் கெடுத்துவிட்டுப் பாட்டும் பாடுகிறார்கள்.

அடுத்தது வேப்பம்பூ. “பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கத் தடவுகிற கசப்பு. பிள்ளைக்குப் புத்தி உண்டு, அது அழும்” என்று எழுதினேன். அதையும் அப்படியே அச்சடித்தான். பால்கோவா பியருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பால்கோவா தின்பதுபோல் இருக்கிறது என்று எழுதினேன். அந்த லேபிளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். சாத்தூர் காரச்சேவு பியரைப் பற்றி ஒரே வரிதான் எழுத முடிந்தது: “ஏன்?” கொடுக்காப்புளி பியர் மட்டும், சொல்லத்தான் வேண்டும், துவர்ப்பும் இனிப்புமாக நாக்கில் நின்றது. இரண்டாவது ஸ்பூனும் எடுத்தேன். அது ஆண்டவருக்கும் எனக்கும் உள்ள விஷயம்.

ஆவணி மாதம்தான் வினை வந்தது. அச்சகத்தில் பட்டாசு லேபிள் வேலை தலைக்கு மேல். நான் நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். டென்னிஸ் அவசரத்தில் கம்ப்யூட்டரில் பூச்சட்டி லேபிளைத் திறந்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி, கருப்பட்டி பியர் லேபிளை அடித்து அனுப்பிவிட்டார். பட்டாசு லேபிள் என்றால் அடியில் எச்சரிக்கை இருந்தே ஆக வேண்டும். எங்கள் ஊர் அச்சகக்காரனுக்கு அந்த வரிகள் கண்ணிலேயே படாது, அவை லேபிளின் கரை மாதிரி. ஆகவே பெங்களூர் மக்கள் கருப்பட்டி பியரைக் கையில் எடுத்தபோது அதில் இப்படி இருந்தது: “திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்தவும். பற்றவைத்ததும் விலகி நிற்கவும். கையில் பிடித்து வெடிக்க வேண்டாம். வெடிக்காததை மீண்டும் தொட வேண்டாம்.”

புகழேந்தி போனில் கத்தினான். கம்பெனி மானம் போய்விட்டது, அடுத்த வருஷ ஆர்டரை மறந்துவிடுங்கள் என்றான். டென்னிஸ் அன்று சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் பெண்களை வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும், வெள்ளைத்தாய் திரும்பிப் பார்ப்பாள்.

ஆனால் தை பிறந்ததும் வழி வேறு மாதிரிப் பிறந்தது. பெங்களூரில் பியர் ருசி பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற ஒரு கூட்டம், வருஷத்தின் மறக்க முடியாத புது பியர்கள் என்று பட்டியல் போட்டது. முதலிடம் எங்கள் கருப்பட்டிக்கு. ருசிக்காக இல்லை, லேபிளுக்காக. யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ‘குடிக்கிறவனை விலகி நிற்கச் சொல்லும் துணிச்சல், நுகர்வைப் பற்றிய ஆழ்ந்த கேள்வி’ என்று ஒரு தாடிக்காரர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். டென்னிஸ் அதை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நான் அவ்வளவு யோசிக்கலையே ஜோதி” என்றார், கவலையாக.

புகழேந்தி மறுபடியும் தேனாகப் பேசினான். பங்குனியில் அந்தத் தாடிக்காரரையும் கூட நாலைந்து பேரையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினான். எங்கள் அச்சகத்திலேயே வைத்துப் பன்னிரண்டு பியரையும் ருசி பார்ப்பார்களாம், நான் என் வரிகளை வாசிக்க வேண்டுமாம், அதன் பிறகு அடுத்த வருஷ ஆர்டர் உறுதி.

உச்சி வெயில். தகரக் கூரை. ஒரு பக்கம் பெண்கள் லேபிள் அடுக்கிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் விருந்தாளிகள் கண்ணாடித் தம்ளரும் கையுமாக வேர்த்து நின்றார்கள். நான் நல்ல பட்டுச்சேலை கட்டி, கம்பங்கூழ் வாசத்தைப் பற்றி இங்கிலீஷில் வாசித்தேன். கைதட்டினார்கள். “பாட்டிலுக்குள்ள ஈஸ்ட் இன்னும் உயிரோட இருக்கு, நுரைச்சுக்கிட்டே இருக்கும்” என்று புகழேந்தி விளக்கிக்கொண்டிருந்தான். பெங்களூரிலிருந்து கார் டிக்கியில் வெந்து வந்த பாட்டில்கள் ஒரு பெட்டியில் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தன.

அந்தப் பெட்டிதான் வெடித்தது. ஒரு பாட்டில், அதைத் தொட்டு அடுத்தது, அதற்கடுத்தது. தகரக் கொட்டகைக்குள் அந்தச் சத்தம் இடிபோல் கேட்டது.

பெண்கள் ஒருத்திகூட உள்ளே இல்லை. வெளியே வெயிலில் நின்று புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் போன். புகழேந்தி மேஜைக்கு அடியில் கிடந்தான். பெங்களூர்ப் பேச்சு எல்லாம் எங்கே போனதோ, “எந்த ஆபீசுலே? ஏலே, எந்த ஆபீசு?” என்று அவன் கத்தியது என் காதில் விழுந்தது. எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி இல்லை. பட்டாசு செய்கிற இடம்.

தாடிக்காரர் நின்ற இடத்திலேயே நின்று கைதட்டினார். அவருக்கு உடம்பெல்லாம் நுரை, முகமெல்லாம் சிரிப்பு.

நான் வெளியே ஓடினேன். யார்மேலும் கண்ணாடி படவில்லை. “பாட்டில்தான், பியர் பாட்டில்தான்” என்று ஒவ்வொருத்தியாகத் தொட்டுச் சொன்னேன். வெள்ளைத்தாய் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் மகள் பாண்டிலட்சுமி ஏழாயிரம்பண்ணையில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் வாட்ச்மேன்தான் எடுக்க வேண்டும்.

“வெள்ளைத்தாய், பாட்டில் வெடிச்சது. அவ்வளவு தூரத்துச் சத்தம் இங்க கேக்குமா?”

“தெரியுது டீச்சர். இருந்தாலும் கேட்டுக்கிறேன்.”

உள்ளே திரும்பி வந்தபோது தாடிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் இப்படி ஓர் அனுபவம் கண்டதில்லையாம். அடுத்த வருஷ முதல் பியருக்கு ‘சத்தம்’ என்றே பெயர் வைக்க வேண்டுமாம். திறந்தால் வெடிக்கிற மாதிரி மூடி, லேபிளில் அதே எச்சரிக்கை, பின்னால் அந்தப் பெண்கள் ஓடிய அழகைப் பற்றி டீச்சருடைய நாலு வரி. புகழேந்தி முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே தலையாட்டினான்.

“நல்லாருக்கும் டீச்சர். வருஷம் பூரா ஆர்டர், இப்பவே எழுதித் தர்றேன்.”

நான் அவன் முன்னால் போய் நின்றேன். “ஏலே புகழு, நீ இப்ப எங்கன கெடந்தே? மேஜைக்கு அடியில கெடந்து என்னன்னு கத்துனே? அதை இவுகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னியா? வெளிய நிக்கிற பொம்பளைக ஓடுனது உங்களுக்கு அழகா இருக்கோ? இதை நான் எழுதமாட்டேன். உன் ஆர்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். வேற பிரஸ்ஸைப் பாரு.”

புகழேந்தியின் முகம் ஒன்பதாம் வகுப்பு முகமாகிவிட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொய்யும் எழுதவில்லை, பணிந்தும் போகவில்லை. பிரசங்க பீடத்தில் நிற்கிறவள் மாதிரி நின்றேன்.

வெள்ளைத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“வாட்ச்மேன் எடுத்துட்டாரு டீச்சர். சோறு தின்னுட்டு இருக்காளாம்.” என் முகத்தைப் பார்த்தாள், புகழேந்தியைப் பார்த்தாள். “என்ன சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீக?”

நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் ஈரக் காகிதக் கட்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து வெயில் விழுகிற இடத்தில் வைத்தாள்.

“நீங்க கோவப்பட்டது சரிதான் டீச்சர். எங்களுக்காகத்தான் கோவப்பட்டீக.” அடுத்த கட்டையும் எடுத்து வைத்தாள். “ஆனா இங்கன வேலை இல்லேன்னா நானும் ஆபீசுக்குத்தான் போகணும், அவ கூடவே. அங்கன எங்க ரெண்டு பேரு போனும் கேட்டுல கெடக்கும். அன்னைக்கு ஒரு சத்தம் கேட்டா, எங்களத் தேடிப் போன் போட வெளிய யாரு இருக்கா?”

என் நெஞ்சு நிமிர்ந்ததெல்லாம் எவ்வளவு லேசான காரியம் என்று வெட்கமாக இருந்தது. தாடிக்காரர் அவள் என்ன சொல்கிறாள் என்று புகழேந்தியிடம் கேட்டார். அவன் மொழிபெயர்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“சொல்லு தம்பி. எத்தனை வரி வேணும்?”