அண்ணன் தொங்கிக் காட்டிய ஸ்டெப்னிக் கை

வண்டியின் பின்பக்கம் ஸ்டெப்னிச் சக்கரம் மாட்டும் இரும்புக் கையைச் செய்து முடித்ததும் பட்டறைக்காரர் ஒரு வித்தை காட்டுவார். கதவைத் திறப்பதுபோல அந்தக் கையை வெளியே இழுத்து, நுனியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் மடக்கித் தொங்குவார். “பாத்தீங்களா? அறுபது கிலோ ஆளையே தாங்குது. முப்பத்தஞ்சு கிலோ சக்கரம் எம்மாத்திரம்? ஒண்ணும் ஆகாது!” என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போவார். வட்டாரத்தில் அவருக்கு ‘ஒண்ணும் ஆகாது அண்ணன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அன்றும் ஒரு ஜீப்புக்காரர் முன்னால் தொங்கி இறங்கினார். அந்த ஜீப்புக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில், பட்டறைக்கு வரைபடம் போட்டுத் தரும் மச்சினி அளவு டேப்போடு வந்து குனிந்தாள். கை சுழலும் குழாயை அளந்தவள் முகம் மாறியது.

“அத்தான், பதினாறு சென்டிமீட்டர்னு போட்டிருந்தேன். எட்டுதான் இருக்கு?”

“பின் விளக்குல இடிச்சுது. பாதியா வெட்டிட்டேன். குட்டையா இருந்தா கெட்டியாத்தானே இருக்கும்?”

“குழாய் கெட்டிதான். பேரிங்தான் பாவம்.” சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கோடு போட்டாள். “குழாயோட மேல ஒரு பேரிங், கீழ ஒண்ணு. சக்கரம் எண்பது சென்டிமீட்டர் தள்ளித் தொங்குது. அது மேல் பேரிங்கை வெளியே இழுக்கும், கீழ் பேரிங்கை உள்ளே தள்ளும். ரெண்டுக்கும் நடுவுல எட்டுதான்னா எடை பத்து மடங்காப் போய் அழுத்தும். அதுவே முந்நூத்தம்பது கிலோ. பள்ளத்துல தூக்கிப் போட்டா மூணு மடங்கு, ஆயிரத்தைத் தாண்டிடும். இந்த பேரிங் தாங்குறது எழுநூறு. உடைஞ்சா சக்கரம் நடுரோட்டுல விழும்.”

“நான் தொங்கினப்போ தாங்குச்சே?”

“உங்களுக்கு அறுநூறுதான் வந்திருக்கும். அதுவும் ஆடாம அசையாம. ரோடு அப்படிச் சும்மா விடுமா? நான் சொன்ன நீளம் இருந்திருந்தா எல்லாமே பாதி.”

“கையை மூடி லாக் போட்டுட்டா?”

“இந்த லாக் கையைத் திறந்துக்காம பிடிக்கும். எடையைச் சுமக்காது.”

பட்டறைக்காரருக்கு எரிச்சல் வந்தது. விளக்கை இடம் மாற்றி, புதுக் குழாய் வெட்டி, மறுபடி வெல்டிங் வைப்பதென்றால் பொழுது சாய்ந்துவிடும். “நீ கணக்குப் போட்டே பயமுறுத்துவே. ஒண்ணும் ஆகாது, போ” என்று சொல்லி, திரும்பி வந்த ஜீப்புக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். மச்சினி சாக்பீஸைக் கீழே போட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு கொண்டுவந்திருந்த பட்டறைக்காரரின் மனைவி ஸ்கூட்டரைத் திருப்பினாள். “என்னங்க, கடைத்தெரு ஒரே நெரிசலா இருக்கு. இந்த ஜீப்பு பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போயிடறேன்.”

“ஏய், அது பின்னாடி போகாதே!”

கத்தியவர் பட்டறைக்காரர்தான். மனைவி திடுக்கிட்டு பிரேக் பிடித்தாள். தன் குரலைத் தானே கேட்டதுபோல அவர் ஒரு கணம் விறைத்து நின்றார். பிறகு ஓடிப்போய் ஜீப்பின் பானட்டில் ஓங்கித் தட்டினார்.

“இறங்குங்க சார். சாயங்காலம் ஆகும்.”

“என்ன அண்ணே, ஒண்ணும் ஆகாதுன்னீங்களே?”

பட்டறைக்காரர் ஸ்டெப்னியின் முதல் நட்டைக் கழற்றியபடியே சொன்னார்: “எங்க வீட்டம்மா பின்னாடி வர்றான்னதும் அந்த வார்த்தை என் வாயிலேருந்து வரலையே சார். நம்ம வீட்டு ஆளைப் பின்னாடி விடப் பயப்படுற வேலையை ஊர் நடுவுல ஓட விடக் கூடாது. ரோட்டுல வர்ற ஒவ்வொருத்தரும் யாரோ ஒருத்தர் வீட்டு ஆளுதான்.”