கமா போடாத மெசேஜ்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அப்பா தம்பு இறந்ததும் ஜனகா சிட்னியில் இருக்கும் அண்ணன் சஞ்சீவுக்குத்தான் முதலில் சொன்னாள். அவன் அழுதான், டிக்கெட் பார்க்கிறேன் என்றான். ஈமக்காரியம் பார்க்கும் கன்னையாவோ, மின்மயானத்தில் மறுநாள் மதியம் இடம் இருக்கிறது, அதை விட்டால் இரண்டு நாள் தள்ளிப்போகும் என்றார். அப்பாவை நாளை மதியமே எடுத்துவிடட்டுமா என்று ஜனகா அண்ணனுக்கு எழுதினாள்.

விடிந்ததும் ஆங்கிலத்தில் பதில் வந்திருந்தது: "நோ வெயிட் ஃபார் மீ."

எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்படித்தான் படித்தாள். தேவையில்லை என்பதற்கு "நோ நீட்", காத்திருக்காதே என்பதற்கு "நோ வெயிட்" என்று பேசிப் பழகிய ஊர். டிக்கெட் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டுப் பார்த்தாள், அவன் போன் அணைந்திருந்தது. மதியம் மின்மயானத்தில், மகன் இல்லாத இடத்தில் கற்பூரத்தை அவளே ஏற்றினாள்.

பெட்டி உள்ளே போய் இரும்புக் கதவு இறங்கிய பிறகு கைப்பேசி அதிர்ந்தது. சஞ்சீவ் விமானத்தை விட்டு இறங்கி டாக்சியில் வந்துகொண்டிருந்தான். நான் முகம் பார்க்கும்வரை பெட்டியை மூடிவிடாதே என்று எழுதியிருந்தான்.

ஜனகா காலையில் வந்த செய்தியைத் திறந்தாள். "நோ"வுக்குப் பிறகு ஒரு கமாவை வைத்துப் படித்தாள். வேண்டாம், எனக்காகக் காத்திரு.

"நிப்பாட்டுங்க அண்ணே. எங்க அண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு."

"நெருப்பு போட்டாச்சும்மா," என்றார் கன்னையா. "இனி திறக்க முடியாது."

அவள் கேட்கவில்லை. கதவை இயக்குபவரிடம் ஓடிக் கைகூப்பினாள். அவர் முடியாது என்று தலையாட்டினார். வாசலுக்கு வந்து நின்றபோது, டாக்சி ஜாமில் மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று தவித்தாள். அடுத்த நிமிடமே, சீக்கிரம் வந்துவிடட்டும் என்று தவித்தாள்.

சஞ்சீவ் தோள்பையோடு ஓடிவந்து, அப்பா எங்கே என்று கேட்டான். அவள் அந்தச் செய்தியைத் திறந்து கைப்பேசியை நீட்டினாள். அவன் வாங்கிப் படித்தான்.

"ஏர்போர்ட்ல ஓடிக்கிட்டே எழுதினேன். காத்திருக்கத்தானே சொன்னேன், ஜனகா."

"எனக்கு அப்படிப் படிக்கத் தோணல, அண்ணா."

அவன் அவளைத் திட்டவில்லை. பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் அஸ்தி கரைக்கக் காரில் கிள்ளான் கடலுக்குப் போனார்கள். வழியில் பண்டமாரான் ஊரைத் தாண்டியதும் அவன் கேட்டான்.

"அப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

ஜனகா சொல்லத் தொடங்கினாள். சவரம் செய்துவிட்டதை, திருநீறு பூசியதை, வாய் லேசாகத் திறந்தே இருந்ததை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தான்.