எம்மாவின் வீடு

கரண்டிக் கஞ்சியை எம்மா மறுபடியும் துப்பினாள். யாத்விகா மாமியாரின் மோவாயைத் துடைத்துவிட்டாள். மூன்று நாளாக அந்த வாயிலிருந்து ஒரு போலிஷ் சொல்கூட வரவில்லை. சிறுமியாக இதே வீட்டில் பேசிய ஜெர்மன்தான் வந்தது. அதுவும் ஒரே கேள்வி, திரும்பத் திரும்ப.

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருஷம், போலந்தின் கைக்கு வந்த அந்த ஆற்றோரக் கிராமத்து ஜெர்மானியர்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். கிழக்கிலிருந்து வந்த போலிஷ் குடும்பங்களுக்கு வீடுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். தன் வீடு யாருக்குக் கிடைத்ததோ அவனையே கட்டிக்கொண்டு எம்மா தங்கிவிட்டாள். அதன்பின் ஐம்பது வருஷம் அந்த மொழியில் அவள் வாய் திறந்ததில்லை. மகன் செனோனுக்கே ஒரு வார்த்தை தெரியாது.

செனோன் பக்கத்து வீட்டு ததெக்கை இழுத்து வந்தான். வருஷா வருஷம் மே மாதம் ஜெர்மனிக்கு வயலில் அஸ்பாரகஸ் தண்டு வெட்டும் கூலிவேலைக்குப் போகிறவன். அவனுடைய வேனில் யாத்விகாவும் ஓர் இடம் கேட்டு வைத்திருந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்ததால் போக முடியாமலே ஏழு மே மாதங்கள் போய்விட்டன.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் 'குனி, வெட்டு, சீக்கிரம்' அவ்வளவுதான்க்கா," என்று தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே குனிந்தான் ததெக். கேட்கக் கேட்க அவன் காது சிவந்தது.

"என்னடா சொல்றாங்க?" என்றான் செனோன்.

"விடுப்பா. காய்ச்சல்ல ஏதோ உளர்றாங்க."

"சொல்லித் தொலைடா."

"நம்ம வீட்டுல இருக்கிற இந்த ஆளுங்க எப்போ போவாங்கன்னு கேக்கறாங்க."

செனோன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. யாத்விகா கஞ்சிக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது என்கிற கேள்வி அவளுக்குப் புதிதில்லை.

"நாளைக்குன்னு சொல்லு," என்றான் செனோன், குரல் இறங்கி.

ததெக் சொன்னான். எம்மா அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு தானாகவே வாயைத் திறந்தாள். மூன்று கரண்டி கஞ்சி இறங்கியது.

அன்றே, தேவாலயத்தில் மத்தியான மணி அடிப்பதற்கு முன்பே அவள் மூச்சு அடங்கிவிட்டது.

யாத்விகா அவள் கண்களை மூடினாள். சாவு வீட்டு வழக்கப்படி சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினாள். நிலைக்கண்ணாடிமேல் துணியைப் போட்டாள். உயிர் வெளியே போவதற்காக ஜன்னலைத் திறக்கப் போனாள். அது அசையவில்லை. வருஷக்கணக்கில் அடித்த பெயிண்டில் கதவும் சட்டமும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன.

செனோன் உளியை எடுத்து வந்தான். பழுப்புப் பெயிண்ட் உதிர்ந்தது. அதற்கடியில் பச்சை. அதற்கும் அடியில் அவர்கள் இருவரும் பார்த்தேயிராத ஒரு நீலம்.

"போதும், விடு. கண்ணாடி உடைஞ்சிடப் போவுது," என்றாள் யாத்விகா.

அவன் நிறுத்தவில்லை. சாவுச் செய்தி கேட்டு ஜெபமாலையோடு வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். யாத்விகா அவர்களை உள்ளே வரச் சொல்லவில்லை. சட்டத்தின் மறுபக்கம் போய், இடுக்கில் நகங்களைக் கொடுத்து இழுக்கத் தொடங்கினாள்.