நிரம்பிய கிண்ணத்துக்கு எழுந்துபோன பூனை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். அதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன கேட்க முடியும்?

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கராகோல் ஊரில் ஐனகுல் என்று ஒருத்தி. புல் தலைகாட்டியதும் புருஷனோடும் ஆட்டு மந்தையோடும் மலைமேட்டுக்குப் போய்விடுவாள். குளிர் விரட்டினால்தான் இறங்குவாள். அந்த வருடம் ஏறிப்போவதற்குள் அவள் ஒரு பூனையைக் கரையேற்ற வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் நிலக்கரிக் கொட்டகையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த சாம்பல் பூனை. சூப்பு கொடுத்துத் தேற்றியிருந்தாள். மலைக்குக் கொண்டுபோக வழியில்லை. ஓநாயையே ஓட ஓட விரட்டும் காவல் நாய்கள் அங்கே. பூனையெல்லாம் அவற்றுக்குக் கொறிக்கக்கூடக் காணாது. தெருவில் விட்டுப் போகவும் மனசு வரவில்லை. அதை வளர்க்க ஒரு நல்ல வீடாகத் தேடக் கிளம்பினாள். லாரி ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது.

லாரியில் கம்பளிச் சுருளை ஏற்றிக்கொண்டிருந்த புருஷன் துராத் சிரித்தான். "பூனைக்குச் சம்பந்தம் பேசப் போறியா? அப்ப காதுல கம்மல் போட்டுல்ல அனுப்பணும்!"

"உங்களுக்கு என்னைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்லயும் இப்படி நாலு இடம் விசாரிச்சிருக்கணும். விட்டுட்டாங்க."

துராத் கயிற்றை இறுக்குவதில் மும்முரமானான்.

முதலில் மருந்துக்கடை நுர்ஜதா வீடு. சுவரெல்லாம் கம்பளம், அடுப்பு அணையாத வீடு. "வாடி என் தங்கமே!" என்று பூனையை வாரி அணைத்து இறக்கிவிட்டு, பூப்போட்ட கிண்ணத்தில் பாலாடையைத் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தாள். பூனை கிண்ணத்தைப் பார்த்தது. நுர்ஜதாவைப் பார்த்தது. இரண்டு முன்னங்காலையும் தூக்கி முகத்தை ஒருதரம் வழித்தது. எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டது.

"என்னடி இது, பாலாடையைப் பார்த்து ஓடுற பூனை?" என்று நுர்ஜதா முகத்தைச் சுருக்கினாள். ஐனகுலுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்து மெலிஸ் நடத்தும் விடுதி. நல்ல பையன், மனைவியும் தங்கமானவள். அவனும் பாலை விளிம்பு வரை ஊற்றினான். கொஞ்சம் தரையிலும் சிந்தியது. "கொஞ்சமா ஊத்தினா வெளிநாட்டுக்காரங்க என்னைக் கஞ்சன்னு நினைக்கிறாங்கக்கா. நிரப்பி நிரப்பிக் கை பழகிப்போச்சு."

பூனை முகத்தை வழித்தது. இந்தத் தடவை வாசல் தாழ்ப்பாளையும் தானே தூக்கித் திறந்தது. ஐனகுல் செருப்பை மாட்டுவதற்குள் தெருமுனைக்குப் போய், அங்கே அவளுக்காகக் காத்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. முகம் கழுவுகிறது என்றல்லவா நினைத்தாள்! எங்கள் பக்கத்தில் சாப்பாடு முடிந்தால் இரண்டு கையாலும் முகத்தை வழித்து, கடவுளுக்கு நன்றி சொல்லி எழுந்திருப்போம். விருந்தாளிக்குத் தேநீரையும் கிண்ணத்தின் அடிமட்டத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றினால் 'இன்னும் இரு' என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால், 'குடித்துவிட்டுக் கிளம்பு.' ஐனகுலிடம் வளர்ந்த பூனை, மரியாதை தெரிந்தது. கிளம்பச் சொன்ன வீட்டில் அது எப்படி உட்காரும்?

"பூனைக்கு அவ்வளவு ரோஷமா?" என்றான் துராத். "உங்கம்மா எனக்கு வழிய வழியத்தான் ஊத்துவாங்க. நான் என்னிக்காவது எழுந்து போயிருக்கேனா?"

"அதுதான் அம்மாவுக்கும் குறை."

சனிக்கிழமை, மலைக்கு வேண்டிய உப்பு வாங்கச் சந்தைக்குப் போனாள். பூனை கோட்டுக்குள் இருந்தது. அலைந்து களைத்து, குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் பூபுசாராவின் கடையில் உட்கார்ந்தாள். பூபுசாரா ஒண்டிக்கட்டை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வாய் மட்டும் ஊருக்கே கேட்கும்.

"கோட்டுக்குள்ள என்னடி துருத்திக்கிட்டு? இந்த வயசுல உண்டாகியிருக்கியா?"

"பூனைதான்க்கா."

"பூனையா! என் தலையில கட்டலாம்னு பாக்காதே. ரோமம் கொட்டும், திருடும், ராவெல்லாம் ஊரைச் சுத்தும். வெளிய வை!"

வைதுகொண்டே ஐனகுலுக்குத் தேநீர் ஊற்றினாள். வந்தவர்களில் ஒருவரை விட்டுவிட்டு ஊற்றக் கைக்குப் பழக்கமில்லை; அதனால் இன்னொரு கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பாலும் ஊற்றினாள். பூனை நக்கி முடித்தது. "சோம்பேறிப் பிராணி," என்று சொல்லி மறுபடி கொஞ்சம் ஊற்றினாள். "நன்றி கெட்ட ஜென்மம்," இன்னும் கொஞ்சம். காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. நூடுல்ஸுக்கு நின்றவர்கள் கரண்டியைத் தாங்களே எடுத்துப் பரிமாறிக்கொள்ள வேண்டியதாயிற்று. பூனை காலை மடித்து, வந்த விருந்தாளி போல நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

கடை கட்டும் நேரம் ஐனகுல் எழுந்தாள். "வாடி, போகலாம்." பூனை காது கேளாதது போல இருந்தது. அவள் தூக்கக் குனிந்தாள்.

"ஏய், விடு!" என்று அதட்டினாள் பூபுசாரா. "சாப்பிட்டுக்கிட்டிருக்கிறவங்களை எழுப்புவாங்களா? எந்த ஊர் பழக்கம் இது?"

"நீங்கதான் வேணாம்னீங்க."

"இப்பவும் வேணாம்தான். குடிச்சு முடிக்கட்டும், அனுப்பிடறேன்." சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

மறுநாள் லாரி மலையேறும்போது, ஐனகுல் துராத்தின் தோளில் சாய்ந்து வழி நெடுகத் தூங்கினாள். இலை உதிரும் காலத்தில் இறங்கி வந்து நேரே சந்தைக்குப் போய்ப் பார்த்தாள். பூனை நன்றாகக் கொழுத்திருந்தது. இன்னும் குடித்து முடிக்கவில்லை.

தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்தப் பூனைக்குப் பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. பிறகு நிரம்பிய கிண்ணத்தை அது எப்படிப் பார்த்தது என்று என்னைக் கேட்காதீர்கள்; நான்தான் ரொட்டியின் மேல் சத்தியம் செய்துவிட்டேனே.