நாலு சதவீதம்

லோர்மியே பிரான்சின் அதிபர் தேர்தலில் நின்றபோது அவருக்காகப் பொருளாதாரக் கணக்குகளைப் போட்டவள் சொலீன். எத்தனை விதமாகப் போட்டாலும் நாட்டின் வளர்ச்சி ஒன்றேகால் சதவீதத்தைத் தாண்டவில்லை.

"நாலு வேணும்," என்றார் லோர்மியே. "ஒன்னேகாலுக்கு என் பொண்டாட்டியே ஓட்டுப் போடமாட்டா."

"நாலு வராதுங்க."

"வரவைக்கத்தானே உன்னை வச்சிருக்கேன்?"

அவள் ஒரே இடத்தில் கைவைத்தாள். தொழிலாளிகள் இனி இரண்டு மடங்கு வேகத்தில் வேலை செய்வார்கள் என்று மாற்றினாள். நாலு வந்துவிட்டது. மறுநாள் தொலைக்காட்சியில், "ஒரு ஆலையும் மூடப்படாது" என்று லோர்மியே முழங்கினார்.

நிகழ்ச்சி முடிந்த கையோடு சொலீனின் தம்பி ரெஜிஸ் அவளுக்குப் போன் செய்தான். வடக்கே ஆர்தென் பக்கம் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் அவனுக்கு வேலை. ஜூனில் அதை மூடுவதாக இருந்தார்கள். தூரத்து லியோன் நகரில் வேறு வேலை தருவதாகத் தொழிலாளிகளுக்குக் கடிதம் வந்திருந்தது.

"அக்கா, அந்த நாலு நீ போட்டதுதானே? நம்பலாமா?"

சுற்றிலும் கட்சிக்காரர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "ம்," என்றாள்.

இரண்டு நாள் அந்த ஒற்றை எழுத்து அவளை அரித்தது. வெள்ளிக்கிழமை காலை ரயிலேறிப் போனாள். ஆலை வாசலிலேயே ரெஜிஸ் அவளைக் கட்டிக்கொண்டு, கூட வேலை செய்பவர்களைக் கூப்பிட்டான்.

"இவதான்டா எங்க அக்கா! லியோன் வேண்டாம்னு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டோம். இருபத்தாறு பேரு!"

"ரெஜிஸ், அது பொய். நான்தான் மாத்துனேன்."

"சும்மா விளையாடாத."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. எதை மாற்றினாள் என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள், சொன்னாள். அச்சில் இரும்பு வார்க்கும் ஜோசியான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏம்மா, ரெண்டு மடங்கு வேகமா? என் முதுக ஒரு தடவ பாத்துட்டுப் போட்டிருக்கலாமே," என்றாள்.

போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற எல்லோரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள். லியோன் வேலைகள் காலையிலேயே வேறோர் ஆலைக்காரர்களுக்குப் போய்விட்டன. ரெஜிஸ் அதிகாரியின் மேசையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வேணாம் சார், பிள்ளகுட்டிக்காரங்களுக்காவது குடுங்க," என்று கெஞ்சினான். முடியாது என்று அதிகாரி தலையை ஆட்டினார்.

சொலீன் உண்மையைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாள். அவளுக்கு மனநிலை சரியில்லை என்றார் லோர்மியே. மே மாதம் ஜெயித்தும்விட்டார்.

ஜூனில் உலையை அணைத்த அன்று அவள் மறுபடி ஆலை வாசலில் போய் நின்றாள். வெளியே வந்த ரெஜிஸ் அவளைப் பார்த்தான். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்து போனான்.