நாலு பத்துக்குக் கட்டிய அட்டை

கோயில் கமிட்டிச் செயலாளர் உட்கார்ந்ததும் நாற்காலியின் பின்கால் சடக்கென்று மடிந்தது. மனிதர் வேட்டியோடு மல்லாந்து விழுந்தார். கையிலிருந்த காப்பி நெஞ்சில் கொட்டியது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள்.

புனிதா ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டாள். நாற்காலியின் முதுகில் சாக்கட்டியால் போட்ட பெருக்கல் குறி ஒன்று இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் மாமனார் போட்டது. ஆள் வந்துகொண்டே இருக்கிறதே, நாற்காலி பத்தவில்லையே என்று காலையில் அவள்தான் அதைக் கொல்லையிலிருந்து எடுத்துவந்து போட்டாள்.

"அடி பட்டிருச்சாண்ணே?"

"பரவால்லம்மா. பெரியவரு போற நேரத்துலயும் என்னைய ஒரு தள்ளு தள்ளிட்டாரு" என்று செயலாளர் வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

பெரியவர் ஹாலின் நடுவில் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெயர் பத்துமலை, வயது எண்பத்திரண்டு. ஈப்போ கூட்ஸ் யார்டில் முப்பத்தோரு வருசம் வேகன் பார்த்தவர். ரப்பர் ஷீட் ஏற்றிய மூடு வேகன், ஈயமண் ஏற்றிய தாழ்ந்த வேகன், எஸ்டேட்டு ரப்பர்ப் பால் சுமந்த டாங்கி வேகன், சயாம் அரிசி, மாடு, சிமெண்டு. எது வந்து நின்றாலும் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடப்பார். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணி மாதிரிப் பாடும், விரிசல் விட்டது இருமும் என்பார். அச்சுப் பெட்டியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு தாங்கவில்லை என்றால் உள்ளே எண்ணெய்ப் பஞ்சு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பர் ஷீட் பற்றி எரிய அது போதும். அப்படிப்பட்ட வேகனில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் போட்டு, வேகன் வரிசையிலிருந்து கழற்றித் தனித் தண்டவாளத்துக்குத் தள்ளச் சொல்லிவிடுவார்.

வேலையிலிருந்து நின்று எத்தனையோ வருசம் கழித்து ஞாபகம் போகத் தொடங்கியது. மகன் பெயர் போனது, செத்துப்போன மனைவியின் பெயர் போனது. வேலை மட்டும் திரும்பி வந்தது. கரண்டியை வைத்துக்கொண்டு மேசைக் காலைத் தட்டுவார், கதவைத் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார். புனிதா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். அவளுடைய துணிச் சாக்கட்டி ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. வீடு முழுக்கப் பெருக்கல் குறி முளைத்தது. கேஸ் ரப்பர் குழாயில் ஒன்று போட்டிருந்தார். துடைத்துவிட்டாள். மறுநாளும் போட்டார். கடைசியில் சிலிண்டர் கொண்டுவந்த பையன் மோந்து பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, இது சுடா போச்சோர்லா, கேஸ் கசியுது, உங்களுக்கு நல்ல நேரம்" என்றான்.

காலையில் அவள் காப்பி கொண்டுபோனால் முதலில் அவள் கழுத்தில் புறங்கையை வைப்பார். "சூடு இல்ல. ஓடலாம்" என்பார். ஆறு வருசமாக இந்த வீட்டில் அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்த கை அது ஒன்றுதான். போன வாரம் பேச்சு நின்ற பிறகும் கை மட்டும் வந்தது.

"புனிதா, கொஞ்சம் உள்ள வா."

நாத்தனார் சரளா அறை வாசலில் நின்றாள். காம்பாரில் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கதவைப் பாதி சாத்தினாள். அறையில் கோயிலிலிருந்து இரவல் வாங்கிய சக்கரக் கட்டில் மட்டும் விரிப்போடு காலியாகக் கிடந்தது.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு போன் போட்டே. மூச்சு வாங்குது, கால் வீங்கிருக்குன்னே. நான் என்ன சொன்னேன்?"

"ஆம்புலன்ஸக் கூப்புடுன்னீங்க."

"கூப்புட்டியா?"

"நம்பர அமுக்குனேங்கா. மாமா என் கையப் புடிச்சிக்கிட்டாரு. வேணாம்னு தலய ஆட்டுனாரு. வச்சிட்டேன்."

"புத்தி தெளிவில்லாத மனுசன் தலய ஆட்டுனா அது ஒரு பதிலா? கரண்டிக்கும்தான் ஆட்டுவாரு, கதவுக்கும்தான் ஆட்டுவாரு. ஆஸ்பத்திரிக்கு போயிருந்தா இன்னும் ஒரு வருசம் இருந்திருப்பாரு."

புனிதா கட்டில் விரிப்பின் ஓரத்தைச் சரி செய்தாள்.

"அசந்து போயிட்டே. ஒனக்கு முடியல. அத வாயத் தொறந்து சொல்லிரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அசந்துதான் போயிருந்தாள். பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். போன வருசம் மட்டும் மூன்று தடவை ஆஸ்பத்திரி. மூன்று தடவையும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். அவர் ஊசிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகணும் என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நேற்று போனை வைத்தது அவர் தலையை ஆட்டியதாலா, இன்னொரு ராத்திரி அந்த நாற்காலியில் உட்கார உடம்பு மறுத்ததாலா? விடியற்காலை அவர் கை சில்லிட்டுக் கிடந்ததைத் தொட்டதிலிருந்து அவளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் தெரிந்தவர் ஹாலில் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவள் புருசன் தர்மேந்திரன் போலீஸ் ஸ்டேசனிலிருந்து வந்துவிட்டான். தஞ்சோங் மாலிம் கார் பேக்டரியில் வேலை, வாரம் ஒரு தடவைதான் வீடு. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அக்காவிடம் காட்டிவிட்டு மடித்து உள்ளே வைத்தான்.

"எரிக்க பெர்மிட் குடுத்துட்டான். சாக்கிட் துவான்னு போட்டிருக்கான்." வயசாகிச் செத்தார் என்பதற்கு அரசாங்கத்துச் சொல் அது. "ஏன் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகலன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? நான் அங்க இல்லன்னு சொன்னேன்."

அவன் புனிதாவைப் பார்க்கவில்லை. அதுவும் அவளுக்குக் கேட்டது.

பதினோரு மணிக்கு உடையப்பன் வந்தார். யார்டில் ஷண்டிங் ஆள். வேகன்களைக் கோத்து, கழற்றி, இஞ்சினுக்குக் கொடி காட்டியவர். எழுபத்தெட்டு வயதிலும் மோட்டார் சைக்கிளில்தான் வந்து இறங்கினார். அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து வண்டிச் சாவியால் அதன் பக்கப் பலகையை டொக் டொக்கென்று தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"நல்ல பெட்டிதாண்ணே. விரிசல் இல்ல. தைரியமாப் போ."

செயலாளர் இந்தத் தடவை வாய்விட்டே சிரித்துவிட்டார்.

பெண்கள் உட்கார இடம் பத்தவில்லை. சரளாவுக்கும் அந்தக் கட்டிலைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "தம்பி, அத மொதல்ல வெளிய எடுத்துப் போடுலா. பாக்க முடியல" என்றாள். தர்மேந்திரன் தலைமாட்டைப் பிடித்தான். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் உடையப்பன் கால்மாட்டுப் பக்கம் குனிந்தார். விரிப்பைச் சுருட்டி மேலே போட்டார்.

"நிறுத்து! கைய எடு!"

யார்டில் கத்திய குரல் அது. தர்மேந்திரன் கட்டிலைத் தொப்பென்று விட்டுவிட்டான். ஹாலில் ஒப்பாரிகூட நின்றுபோனது.

"என்ன அங்கிள், பாம்பா?"

"பாம்பு இல்லடா. அட்டை போட்டிருக்கு."

கட்டில் சட்டத்தில், விரிப்பு தொங்கிய மறைவில், சிவப்பாக ஒன்று கட்டியிருந்தது. காசு வைத்துக் கொடுக்கும் ஆங்பாவ் உறை, பிரித்தது. புனிதாவுக்கு அந்த உறை தெரியும். சீனப் பெருநாளுக்கு எதிர்க்கடைச் சீன முதலாளி தவுக்கே கொடுத்தது. காசை அவளிடம் கொடுத்துவிட்டு உறையை மட்டும் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். அதன் மூலையில் ஓட்டை போட்டு, அவளுடைய தையல் நூலை நாலு மடிப்பாக முறுக்கிக் கட்டியிருந்தார். உள்பக்கத்து வெள்ளையில் கோணல் மாணலாகப் பேனா எழுத்து.

"என்னைய பாக்காதீங்க. கண்ணாடி கொண்டு வரல" என்றார் உடையப்பன். "ஆனா அட்டைன்னா அட்டை. சாக்கட்டிக் குறி போட்டா ஒதுக்கி வைன்னு அர்த்தம். சிவப்பு அட்டை தொங்குனா தொடவே கூடாது. இஞ்சின் போய் இடிக்கக் கூடாது, ஒரு அடி தள்ளக் கூடாது. கட்டுனவருதான் அவுக்கணும். எழுவத்தொம்போதுல இருட்டுல அட்டைய பாக்காம ஒரு அரிசி வேகன இழுத்துட்டேன். போற வழியிலயே சாஞ்சிருச்சு. அண்ணன் மூணு மாசம் என்னோட பேசலியே."

சரளா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அட்டையைக் கழற்றாமல் விரலால் திருப்பினாள்.

"எனக்கு ஒம்போது வயசுல அம்மை போட்டுச்சு" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "அம்மா என்னைய தூக்கிக்கிட்டு சுங்கை சிப்புட்டுக்கு, எஸ்டேட்டு மாமா வீட்டு கல்யாணத்துக்குப் போகணும்னு நின்னாங்க. அப்பா யார்டுலேருந்து ஒரு அட்டையக் கொண்டாந்து என் கட்டில்ல கட்டிட்டாரு. எம்புள்ளைய யாரும் அசைக்கக் கூடாதுன்னு. மூணு நாளு. அம்மா கத்துனாங்க. அவரு அவுக்கவே இல்ல."

பிறகு படித்தாள். முதல் வரி மலாயில், பெரிய எழுத்தில்.

"ஜாங்கான் கெராக்."

அசைக்காதே.

"நம்பர், நாலு நாலு ஒண்ணு ஏழு."

"அது அண்ணனோட வேல நம்பரு" என்றார் உடையப்பன்.

"பழுது..." சரளா நிறுத்தினாள். உதடு கோணிக்கொண்டது. "துவா."

வயசு.

தர்மேந்திரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். உடையப்பன் முதலில் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். பிறகு தோள் குலுங்கியது. "பாரேன், போலீஸ்காரன் இன்னைக்கு எழுதுனத இந்த மனுசன் மொதல்லயே எழுதி கையெழுத்து போட்டுட்டாருலா!" தர்மேந்திரனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கதவோரத்தில் நின்ற பெண்களிடம் செய்தி போய்ச் சேர, அங்கேயும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கேட்டன.

சரளா சிரிக்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்திருந்தாள்.

"நேத்து தேதி போட்டிருக்கு. மணி நாலு பத்து."

புனிதாவுக்கு நேற்று மத்தியானம் ஞாபகம் வந்தது. நாலு மணிக்கு மழை இருட்டியது. துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விரல் நுனியெல்லாம் சிவப்புச் சாயம். எங்கிருந்தோ குங்குமத்தை எடுத்துவிட்டார் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அப்புறம் ஒரு ரவிக்கைக்கு அளவு எழுதப் பேனாவைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"நீ எனக்கு எத்தன மணிக்கு போன் போட்டே?"

"ஆறுக்கா."

"ஆறு. அப்பா நாலு பத்துக்கே எழுதிட்டாரு" என்றாள் சரளா. பிறகு கையை நீட்டினாள். புனிதா அந்தக் கையைப் பிடித்து அவளைத் தூக்கிவிட்டாள். சரளா விடாமல் அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

புனிதாவுக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அதற்கு முன்னால் உடையப்பன் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு முன் நின்றார். "கோவிச்சுக்காதண்ணே. நீதான் அவுக்கணும். ஆனா இப்ப மேலேருந்து ஆர்டர் வந்திருச்சு, நான் என்னா பண்ண?" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தார். சரளா அட்டையை வாங்கி அப்பாவின் சட்டைப் பையில், சிவப்பு வெளியே தெரியும்படி வைத்தாள். வேன் சந்து முனையில் திரும்பும் வரைக்கும் உடையப்பன் வாசலில் கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். பிறகு மோட்டார் சைக்கிளை மிதித்துப் பின்னாலேயே போனார்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் வீடு கழுவ வேண்டும். புனிதா வாளியில் தண்ணீர் பிடித்தாள். சரளா வந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"தா இங்க. போய்ப் படு."

"நீங்க ஒரு ஆளா..."

"படுன்னா படுலா. நின்னுக்கிட்டே தூங்குறே."

சரளா அவள் கழுத்தில் கையை வைத்து அறைப் பக்கம் தள்ளினாள். புறங்கையாகத்தான் பட்டது.

கட்டில் போன அறை பெரிதாக இருந்தது. புனிதா பாயை விரித்துச் சுழலும் காற்றாடிக்கு நேராகப் படுத்தாள். ஹாலில் சரளா தண்ணீரை வீசிக் கழுவும் சத்தம். நாற்காலிகளை நகர்த்தும் சத்தம். அதில் ஒன்றை அவள் கொல்லைப் பக்கம் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. கூட்ஸ். ஈப்போ பக்கமிருந்து மெதுவாக வந்தது. கூட்ஸ் போனால் மாமனார் கரண்டியை உயர்த்துவார். கடைசி வேகன் தாண்டும் வரைக்கும் அவள் அடுப்பில் எது இருந்தாலும் பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்.

தடக் தடக். ஒன்று. தடக் தடக். இரண்டு. கண்ணை மூடிக்கொண்டே எண்ணினாள். ஏழு. எட்டு. வண்டி நீளமான வண்டி. பதினொன்று வரைக்கும் எண்ணினாள்.

மிச்ச வேகன்கள் அவள் எண்ணாமலே போய்ச் சேர்ந்தன.