ராகுகாலம் கழித்து ஏறிய மலை

என் மகளைக் கட்ட ஆசைப்படுகிறவனுக்குப் பனிச்சரிவோடுதான் பிழைப்பு. கிளாருஸ் பக்கத்து மலையொன்றில், எந்தச் சரிவில் ஆட்களைச் சறுக்க விடலாம், எதைப் பூட்ட வேண்டும் என்று காலையில் பார்த்துச் சொல்வது அவன் வேலை. பெயர் நிதுஷன். மட்டக்களப்புப் பிள்ளை. நாங்கள் யாழ்ப்பாணம். அதைக்கூட விழுங்கிவிட்டேன். வேலைதான் தொண்டையில் நின்றது. ஒரு நாள் அந்த மலை அவனை மூடிவிட்டால் என் பிரபாலினி என்ன செய்வாள்? எனக்கிருப்பது ஒரே பிள்ளை.

"ஒருக்கா அவரோட மலைக்கு வாங்கோ அப்பா. பாத்திட்டு முடிவைச் சொல்லுங்கோ" என்று அவள் கெஞ்சினாள். ஈஸ்டர் விடுமுறைக்கு, நாங்கள் குடியிருக்கும் ஓர்லிகோனிலிருந்து நானும் மகளும் வந்து அவனுடைய கிராமத்தில் தங்கினோம். திங்கட்கிழமை, மேலே சாப்பாடு விற்கும் மலைக்குடிசை வரை ஏறி, அங்கே சூப் குடித்தபடி நான் முடிவைச் சொல்வதாக ஏற்பாடு.

அன்று விடிந்ததும் நிதுஷன் வந்துவிட்டான். இரவு வானம் தெளிந்திருந்ததால் பனி இறுகியிருக்கிறது, ஏழரைக்கு வெளிக்கிட்டால் நல்லது என்றான். அந்த நேரம் பார்த்து, வீட்டில் நின்றுவிட்ட என் மனைவி கஜலக்சுமி போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, ஏழரையிலயிருந்து ராகுகாலம். நல்ல விசயம் கதைக்கப் போறியள். ஒன்பது கழியட்டும்."

நிதுஷன் கைபேசியில் பனிச்சரிவைப் பற்றிய லவீனன் அறிக்கையைக் காட்டினான். அதில் ஆபத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை அளந்து சொல்கிறார்கள். "காலமை ஒண்டு, அங்கிள். வெயில் ஏற மூண்டாகும். ஒன்பதுக்கு வெளிக்கிட்டா மேல போய்ச் சேருவமோ தெரியாது."

"சேருவம் தம்பி" என்றேன். மனைவியோடு மல்லுக்கட்டுவதைவிட மலையோடு மல்லுக்கட்டலாம்.

ஒன்பது கழிந்தபின், பனியில் புதையாமலிருக்கக் காலில் அகன்ற தட்டுகளைக் கட்டிக்கொண்டு ஏறினோம். வெயில் முதுகைச் சுட்டது. ஒரு திருப்பத்தில் குடிசையும் அதன் புகையும் தெரிந்தன. இடையில் ஒரேயொரு சரிவு. அதைக் குறுக்கே கடந்தால் சூப்.

நிதுஷன் எங்களை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் அதன் ஓரத்துக்குப் போனான். ஊன்றுகோலைக் குத்தினான், அது பிடிவரை இறங்கியது. பனியை அள்ளிப் பிழிந்தான். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. மேலே பாறையடியிலிருந்து சின்னச் சின்னப் பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தன.

"திரும்புவம்" என்றான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எனக்குக் கோபம் வந்தது. "உதில தானே கிடக்கு தம்பி! நான் முன்வைச்ச காலைப் பின்வைக்காத ஆள். எத்தினை எல்லை கடந்து இந்த நாட்டுக்கு வந்தனான் தெரியுமோ?"

"தெரியும் அங்கிள். ஆனா திரும்புவம்."

அவன் குரல் உயரவில்லை. பிரபாலினியின் முகம் வாடிவிட்டது. என் முடிவு எப்படிப் போகுமென்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும் அவன் பக்கம் போய் நின்றாள்.

கீழே வந்து ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, வரும்போது கஜலக்சுமி கட்டித்தந்த ரோல்ஸைத் தின்றபடி அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி சரிந்து விழுந்தால் அவனை மெச்சலாம், விழாவிட்டால் ஏசலாம். அதுவோ ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"ஒண்டும் விழேல்லையே தம்பி?"

"விழும் எண்டு தெரிஞ்சு திரும்பேல்லை அங்கிள். விழாது எண்டு சொல்ல எனக்குத் தெரியேல்லை. அதான்."

"நீ தனிய வந்திருந்தாலும் திரும்பியிருப்பியோ?"

"ஓம். போன மாசமும் திரும்பினனான்." கொஞ்சம் வெட்கப்பட்டான். "பின்னேரம் பிரபா கோல் எடுப்பா. நான் கதைக்காட்டி அவ சாப்பிடமாட்டா."

பிரபாலினி அவன் தோளில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனாராகப் போகிற என் முகத்துக்காகக்கூட ஓரடி முன்வைக்காதவன் இவன். என்ன நடந்தாலும் என் பிள்ளையிடம் திரும்பி வரத்தான் பார்ப்பான்.

கஜலக்சுமிக்குப் போன் எடுத்தேன்.

"என்னப்பா, மேல போனியளோ?"

"இல்லை. இடையில திரும்பிட்டம்."

"ஐயோ, சகுனம் சரியில்லையோ?"

"இதைவிட நல்ல சகுனம் கிடைக்காது. கலியாணத்துக்கு நல்ல நாள் பாரும்" என்றேன். பிரபாலினி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆனா முகூர்த்தத்தை விடியக் காலமையே வையும். வெயில் ஏறினா மாப்பிள்ளை திரும்பிப் போயிடுவார்."